பழைய வண்டிக்குப் புதிய எஞ்சின்

1967-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள், தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் டாக்டர் கிறிஸ்டியான் பர்னார்டு ஒரு மனிதரின் நெஞ்சில் மற்றொரு மனிதரின் இதயத்தைப் பொருத்தினார். உலகிலேயே அதுதான் முதல் தடவை. நோயாளியான லூயிஸ் வாஷ்கான்ஸ்கி 18 நாட்கள் உயிர் வாழ்ந்தார். அவர் இறந்ததற்குப் புதிய இதயம் காரணமன்று. அது நன்றாகவே துடித்துக் கொண்டிருந்தது. புதிய உறுப்பை உடல் ஒதுக்கிவிடாமல் இருக்கக் கொடுத்த மருந்துகள் உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலைக் குறைத்துவிட்டன. நுரையீரலில் நிமோனியா பற்றிக்கொண்டது. ஓர் உறுப்பை மாற்றினால் உடல் முழுவதற்குமே அதனால் மாறுதல் உண்டு என்பதை மருத்துவ உலகம் அன்று கண்கூடாகக் கண்டது.

இதே பாடத்தை எந்திர உலகிலும் காணலாம். அமெரிக்காவில் பழைய பிக்கப் வண்டிகளைப் போற்றிக் காப்பவர்கள் ஏராளம். முன்னே ஓட்டுநர் அறை, பின்னே திறந்த சரக்குத் தொட்டி: இதுதான் பிக்கப். 1960-களில் பண்ணைகளில் வைக்கோலும் தீவனமும் சுமந்த இவ்வண்டிகள் இன்று வீட்டுக் கொட்டகைகளில் செல்லப் பிள்ளைகளாக நிற்கின்றன. தகரம் நன்றாக இருக்கும். எஞ்சின் மட்டும் தேய்ந்து போயிருக்கும். அதைக் கழற்றிவிட்டு, முப்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த புதிய எஞ்சினைப் பொருத்துவது அங்கே பரவலாக நடைபெறும் வேலை.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது, அல்லவா? நான்கு போல்ட்டைக் கழற்று, நான்கு போல்ட்டை மாட்டு! ஆனால் அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் ஸ்பானரைத் தொடமாட்டார். தாளும் பென்சிலும் எடுப்பார். அந்தத் தாளில் அவர் போடும் கணக்குகள் பெரும்பாலும் உங்கள் பாடப்புத்தகத்தில் உள்ளவையே. வாருங்கள், அவருடன் நாமும் உட்கார்ந்து திட்டமிடுவோம்.

நோயாளியும் நன்கொடையாளரும்

நம் நோயாளி 1969-ஆம் ஆண்டுச் செவர்லே சி-10 பிக்கப். எடை ஏறக்குறைய 1,700 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதிலுள்ளது வரிசையாக ஆறு சிலிண்டர்கள் கொண்ட 4.1 லிட்டர் எஞ்சின்.

நன்கொடையாளர் 2004-ஆம் ஆண்டுச் செவர்லே சில்வராடோ. விபத்தில் நொறுங்கிய அவ்வண்டியின் எஞ்சினை, நம் ஊர்க் காயலான் கடையைப் போல வண்டிகளைப் பிரித்து விற்கும் கிடங்கில் வாங்கலாம். எட்டுச் சிலிண்டர்கள் நான்கு நான்காக, 'வி' எழுத்தின் இரு கைகளைப் போல அமைந்தது. சிலிண்டரின் உள் விட்டம் 96 மில்லிமீட்டர். பிஸ்டன் நகரும் தொலைவு 92 மில்லிமீட்டர். உருளையின் பருமனைக் கண்டு எட்டால் பெருக்குங்கள். 5.3 லிட்டர் வருகிறதா? அதுதான் அந்த எஞ்சினின் கொள்ளளவு.

இனி இரண்டின் ஆற்றலையும் ஒப்பிட வேண்டும். இங்கே ஒரு பொறி வைத்திருக்கிறது. பழைய ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு 1971-இல் 145 குதிரைத்திறன் என்று விளம்பரம் செய்தார்கள். 1972-இல் அதே எஞ்சினுக்கு 110 என்று எழுதினார்கள். ஓராண்டில் 35 குதிரைகள் எங்கே ஓடிப் போயின?

எங்கும் போகவில்லை, அளக்கும் முறைதான் மாறியது. முன்பு எஞ்சினைத் தனியே மேடையில் ஏற்றி, விசிறி, சைலன்சர் முதலிய சுமைகளை நீக்கிவிட்டு அளந்தார்கள். 1972 முதல் வண்டியில் இருப்பதைப் போலவே அவற்றையும் பூட்டி அளந்தார்கள். ஆகவே பழைய விளம்பர எண்ணையும் புதிய எண்ணையும் நேராக ஒப்பிடக் கூடாது. ஒரே அளவுகோலில் வைத்தால், பழைய எஞ்சின் 110 குதிரைத்திறன், அதாவது 82 கிலோவாட். புதியது 295 குதிரைத்திறன், அதாவது 220 கிலோவாட். முறுக்கு விசை 250 நியூட்டன்-மீட்டரிலிருந்து ஏறக்குறைய 450-க்கு உயர்கிறது.

இவ்வளவும் தேவையா? சமதரையில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் இவ்வண்டி செல்லும்போது காற்றின் தடை ஏறக்குறைய 600 நியூட்டன். சக்கரங்களின் உருளல் தடை 220 நியூட்டன். மொத்தம் 820. வேகம் நொடிக்கு 27.8 மீட்டர். பெருக்கினால் 23 கிலோவாட், அதாவது சுமார் 30 குதிரைத்திறன்தான்! மீதமெல்லாம் மேடு ஏறவும், சுமை இழுக்கவும், விரைந்து வேகம் பிடிக்கவும் மட்டுமே. இந்த 30 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். புதிய எஞ்சினை விரும்புகிறவர்கள் வேகத்துக்காக மட்டும் விரும்புவதில்லை. குளிர்காலக் காலையில் சட்டென்று கிளம்புவது, பெட்ரோல் சிக்கனம், தூய்மையான புகை ஆகியவையும் காரணங்களாம்.

இடம் போதுமா?

முதல் கேள்வி இடம். வரிசை ஆறு எஞ்சின் நீளமானது, ஒல்லியானது. வி-8 குட்டையானது, அகலமானது. நீளத்தில் இடம் மிச்சமாகும், அகலத்தில் நெருக்கும். பக்கவாட்டில் புகைக்குழாய், ஸ்டியரிங் பெட்டியில் இடிக்கலாம். அடியில் எண்ணெய்த் தொட்டி, முன் சக்கரங்களைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில் இடிக்கலாம். மேலே தூக்கி வைத்தால் பானட் மூடாது. பின்னே தள்ளி வைத்தால் ஓட்டுநர் அறைச் சுவர் தடுக்கும்.

ஆகவே எஞ்சினை வாங்கும் முன்பே அளவுகள் எடுத்து, அட்டையில் மாதிரி வெட்டி வைத்துப் பார்ப்பது உண்டு. தாங்கிகளுக்கு இடைத்தட்டுகள் செய்ய வேண்டும். எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் நடுவே ரப்பர் வேண்டும். இரும்போடு இரும்பாக இறுக்கினால் எஞ்சினின் அதிர்வு முழுவதும் வண்டிக்கு இறங்கும். தாங்கிகளிலும் விரிசல் விழும்.

கிராஸ் ஜாயிண்ட்டின் கணக்கு

எஞ்சினை எந்தச் சாய்வில் வைப்பது என்பது கண்ணால் பார்த்துச் செய்யும் வேலையன்று. கியர் பெட்டியிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டு செல்வது புரொப்பெல்லர் ஷாஃப்ட். ஆக்சில் மேடு பள்ளத்தில் ஏறி இறங்குவதால் ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் மடங்கக்கூடிய இணைப்புகள் உண்டு. நம் ஊர்ப் பட்டறைகளில் 'கிராஸ்' என்றாலே இது புரியும். நீங்கள் சுருள்வில் விதியில் படித்த அதே ராபர்ட் ஹூக்கின் பெயராலும் இவ்விணைப்பு வழங்குகிறது.

இதில் ஒரு வேடிக்கை. இணைப்பு மடங்கியிருக்கும்போது, ஒரு பக்கம் சீராகச் சுழன்றாலும் மறுபக்கம் சீராகச் சுழலாது. ஒரு சுற்றில் இருமுறை முந்தும், இருமுறை பிந்தும். மடக்குக் கோணம் 3 பாகையானால் இந்த ஏற்ற இறக்கம் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குகூட இல்லை. 10 பாகையானால் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு. நெடுஞ்சாலை வேகத்தில் ஷாஃப்ட் நொடிக்கு 46 தடவைக்கு மேல் சுழலும். அப்படியானால் நொடிக்கு 90-க்கும் மேற்பட்ட குலுக்கல்கள்!

இதை நீக்க வழி என்ன? முன் இணைப்பின் கோணமும் பின் இணைப்பின் கோணமும் சமமாக இருக்குமாறு செய்தால், முன்னது உண்டாக்கும் ஏற்ற இறக்கத்தைப் பின்னது சரிசெய்துவிடும். அதாவது எஞ்சினின் அச்சும் பின் ஆக்சில் பினியனின் அச்சும் இணைகோடுகளாக இருக்க வேண்டும். எஞ்சின் பின்பக்கமாக 3 பாகை தாழ்ந்திருந்தால் பினியன் முன்பக்கமாக 3 பாகை உயர்ந்திருக்க வேண்டும். வடிவ கணிதத்தில் இணைகோடுகளைப் படிக்கும்போது 'இது எதற்குப் பயன்படும்?' என்று கேட்டிருப்பீர்கள். இதோ, இதற்கும் பயன்படுகிறது!

பல்சக்கரங்களும் உராய்வும்

புதிய எஞ்சினோடு அதன் கியர் பெட்டியையும் சேர்த்தே வாங்குவது நல்லது. சில்வராடோவின் நான்கு கியர் தானியங்கிப் பெட்டியில் முதல் கியர் 3.06 மடங்கு, நான்காவது 0.70 மடங்கு. பின் ஆக்சிலில் 3.73 மடங்கு என்று கொள்வோம்.

சக்கரத்தின் விட்டம் 0.71 மீட்டர்; ஒரு சுற்றில் 2.23 மீட்டர் ஓடும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 747 தடவை சுழலும். நேரடிக் கியரில் எஞ்சின் 747 × 3.73 = 2,786 சுற்றுகள் சுழல வேண்டும். பழைய வண்டியில் இதற்கு மேல் கியர் கிடையாது. புதிய பெட்டியின் நான்காவது கியரில் 2,786 × 0.70 = 1,950 சுற்றுகளே போதும். நூற்றுக்கு 30 பங்கு குறைவு! தேய்மானமும் இரைச்சலும் குறைகின்றன, பெட்ரோலும் மிச்சமாகிறது.

இப்போது மறுமுனையைப் பாருங்கள். முதல் கியரில் பின் ஆக்சிலுக்கு வரும் முறுக்கு விசை 450 × 3.06 × 3.73. பெருக்கினால் 5,136 நியூட்டன்-மீட்டர். இதைச் சக்கரத்தின் ஆரமான 0.355-ஆல் வகுத்தால், சாலையைத் தள்ளும் விசை ஏறக்குறைய 14,500 நியூட்டன். ஆனால் சாலை அவ்வளவையும் ஏற்றுக்கொள்ளுமா?

பிக்கப்பின் தொட்டி காலியாக இருந்தால் பின் சக்கரங்களின் மேல் விழும் சுமை 700 கிலோதான் என்று கொள்வோம். உராய்வுக் குணகம் 0.8. எனவே அதிகபட்ச உராய்வு 700 × 9.8 × 0.8, அதாவது சுமார் 5,500 நியூட்டன். எஞ்சின் தரக்கூடியதில் பாதிக்கும் குறைவு! ஆக்சிலரேட்டரை ஒரேயடியாக மிதித்தால் வண்டி பாயாது. சக்கரம் வழுக்கிச் சுழலும். மழை பெய்த சாலையில் உராய்வு இன்னும் குறையும். வண்டியின் வால் பக்கவாட்டில் திரும்பிவிடும். ஆற்றல் எஞ்சினில் பிறந்தாலும் அதைச் சாலையில் இறக்கி வைப்பது டயர்தான். ஆகவே டயரையும், கிராஸையும், ஆக்சிலையும் இந்தப் புதிய எண்களுக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இருக்கைக்குப் பின்னே பெட்ரோல்

பழைய எஞ்சினில் பெட்ரோலைக் காற்றோடு கலப்பது கார்புரேட்டர். குறுகிய வழியில் காற்று விரைந்து செல்லும்போது அழுத்தம் குறையும் என்ற பெர்னூலியின் தத்துவத்தால் பெட்ரோல் தானே உறிஞ்சப்படும். அதற்கு வளிமண்டல அழுத்தத்தைவிட மூன்றில் ஒரு பங்கு மிகுதியாகப் பெட்ரோலைத் தள்ளினாலே போதும்.

புதிய எஞ்சினில் கார்புரேட்டர் இல்லை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு பீச்சுகுழல் உண்டு. அது சில மில்லிநொடிகள் திறந்து மூடுவதற்குள் பெட்ரோலை மெல்லிய பனித்தூறலாகத் தெளிக்க வேண்டும். இதற்குத் தேவையான அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல 4 மடங்கு. முன்பு இருந்ததைவிடப் பத்து மடங்குக்கு மேல்!

பழைய ரப்பர்க் குழாய் இதைத் தாங்காது. அதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. 1972 வரை வந்த இந்த வகைப் பிக்கப்புகளில் பெட்ரோல் தொட்டி எங்கே இருந்தது தெரியுமா? ஓட்டுநர் அறைக்குள்ளேயே, இருக்கைக்குப் பின்னால்! ஏறக்குறைய 75 லிட்டர் பெட்ரோல், ஓட்டுநரின் முதுகுக்கு ஒரு சாண் தள்ளி. பத்து மடங்கு அழுத்தத்தில் அங்கே ஒரு குழாய் கசிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனவே திட்டம் போடுகிறவர்கள் பலர் தொட்டியை அங்கிருந்து அகற்றி, சரக்குத் தொட்டிக்கு அடியில், இரண்டு நீளச் சட்டங்களின் நடுவே வைத்துவிடுகிறார்கள். உயரழுத்தத்துக்கென்றே செய்த குழாய்களைப் போடுகிறார்கள்.

எஞ்சினுக்கு ஒரு மூளை

1969-ஆம் ஆண்டு வண்டியில் மின்கம்பிகள் மிகக் குறைவு. புதிய எஞ்சினுக்கோ ஒரு சிறு கணிப்பொறியே மூளை. அதற்குக் கண்களும் காதுகளும் வேண்டும்.

எஞ்சினின் முதன்மைத் தண்டில், ஒரு சுற்றுக்கு 24 குறிப்புகள் தரும் பற்களுள்ள வளையம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு குறிப்பும் 15 பாகைத் திருப்பத்தைக் காட்டும். நிமிடத்துக்கு 5,200 சுற்றுகள் என்றால் நொடிக்கு 2,080 குறிப்புகள்! தண்டு எந்த நிலையில் இருக்கிறது என்று அவற்றைக் கொண்டுதான் கணிப்பொறி அறிகிறது. உள்ளே வரும் காற்றின் நிறையை ஓர் உணர்வி அளக்கிறது. புகைக்குழாயிலுள்ள உணர்வி மிச்ச ஆக்சிஜனை அளக்கிறது. ஒரு கிராம் பெட்ரோல் முழுதும் எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். அந்த விகிதம் பிசகாதபடி பீச்சுகுழல் எத்தனை மில்லிநொடி திறக்க வேண்டும் என்று கணிப்பொறி முடிவு செய்கிறது.

ஆகவே எஞ்சினை மட்டும் வாங்கி வந்தால் போதாது. கணிப்பொறி, கம்பித்தொகுதி, உணர்விகள் எல்லாம் உடன் வரவேண்டும். 2004-ஆம் ஆண்டு எஞ்சினில் ஆக்சிலரேட்டர் மிதியிலிருந்துகூட இழுவைக் கம்பி கிடையாது, மின்குறிப்புதான் செல்கிறது. எனவே அந்த மிதியும் வேண்டும்! இன்னொன்று: சொந்த வண்டியின் சாவியைக் காணாவிட்டால் திருடன் என்று எண்ணி எஞ்சினை நிறுத்திவிடும் ஏற்பாடும் அக்கணிப்பொறியில் உண்டு. அந்த ஏற்பாட்டை நீக்கித் திருத்தி எழுதினால்தான் புதிய வீட்டில் அது வேலை செய்யும். உடல் மாற்று உறுப்பை ஒதுக்குவது மருத்துவத்தில். இங்கே மாற்று உறுப்பே உடலை ஒதுக்குகிறது!

மின்சாரத்திலும் ஒரு சின்னக் கணக்கு. வண்டிகளில் மின்னோட்டம் திரும்பும் வழி இரும்பு உடலே. ஐம்பது ஆண்டுத் துருவினால் ஓர் இணைப்பில் 0.2 ஓம் தடை ஏற்பட்டிருக்கிறது என்போம். பெட்ரோல் பம்ப் 10 ஆம்பியர் இழுத்தால் ஓமின் விதிப்படி 2 வோல்ட் அங்கேயே வீணாகும். பம்ப் சோர்ந்துபோகும், எஞ்சின் திணறும். எஞ்சினில் பழுது என்று நினைத்து எதை எதையோ கழற்றுவார்கள். காரணம், சுரண்டிச் சுத்தம் செய்யாத ஓர் எர்த் இணைப்பு. பழைய வண்டியின் ஆல்டர்னேட்டர் 40 ஆம்பியருக்குப் பக்கமாகத் தந்தது. புதிய எஞ்சினோடு வருவது 100-க்கு மேல் தரும். எனவே கம்பிகளும் தடிமனாக வேண்டும்.

வெப்பம் எங்கே போகும்?

பெட்ரோல் எரிந்து வரும் ஆற்றலில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கே வேலையாக மாறுகிறது. ஒரு பங்கு புகையோடு போகிறது. மற்றொரு பங்கு தண்ணீருக்கு இறங்கி ரேடியேட்டர் வழியே காற்றில் கலக்க வேண்டும்.

சுமையோடு மலைப் பாதையில் ஏறும்போது எஞ்சின் 80 கிலோவாட் தருகிறது என்று கொள்வோம். தண்ணீருக்கும் ஏறக்குறைய 80 கிலோவாட் வெப்பம் இறங்கும். வீட்டில் வாளியில் அமிழ்த்தி வெந்நீர் வைக்கும் மின்சுருள் 1.5 கிலோவாட். அத்தகைய சுருள்கள் 53 சேர்ந்தாற்போல் கொதிக்க வைப்பதற்குச் சமம்! தண்ணீர் ரேடியேட்டரில் 8 பாகை குளிர்ந்து திரும்புகிறது என்றால், தண்ணீரின் வெப்ப ஏற்புத்திறன் கிலோவுக்கு 4.2 கிலோஜூல் ஆதலால், நொடிக்கு 80 ÷ (4.2 × 8), அதாவது 2.4 லிட்டர் தண்ணீர் ஓட வேண்டும். பழைய சிறு எஞ்சினுக்கென்று செய்த ரேடியேட்டருக்கு இது பெரும் பாரம். எனவே அகலமான ரேடியேட்டரும், சாலையில் நிற்கும்போதும் காற்றை இழுக்கும் மின்விசிறியும் திட்டத்தில் இடம் பெறும்.

கடைசியில் சொல்வது, முதலில் செய்ய வேண்டியது

இதுவரை வண்டியை ஓட்டுவது பற்றியே பேசினோம். அதை நிறுத்துவது பற்றி?

1969-ஆம் ஆண்டு சி-10 வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்குகள்தாம். எஞ்சின் மாறியதால் பிரேக் எவ்விதத்திலும் பலவீனமாகிவிடவில்லை. ஆனால் முன்பு முக்கி முனகி எட்டிய வேகத்தை வண்டி இப்போது சில நொடிகளில் எட்டிவிடும். மீண்டும் மீண்டும் எட்டும். இரைச்சல் குறைந்துவிட்டதால் வேகம் தெரியவும் தெரியாது.

இயக்க ஆற்றல் = நிறை × வேகத்தின் வர்க்கம் ÷ 2. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் நம் வண்டியின் இயக்க ஆற்றல் சுமார் 6,56,000 ஜூல். 130 கி.மீ. என்றால் ஏறக்குறைய 11,08,000 ஜூல். வேகம் 30 விழுக்காடுதான் கூடியது. ஆற்றலோ 69 விழுக்காடு கூடிவிட்டது. நிறுத்தும் தொலைவும் அப்படியே. பிரேக் நொடிக்கு நொடி 6 மீட்டர் வேகத்தைக் குறைக்கிறது என்றால், 100-இல் செல்லும் வண்டி நிற்க 64 மீட்டர் வேண்டும். 130-இல் செல்லும் வண்டிக்கு 109 மீட்டர். நடுவிலுள்ள அந்த 45 மீட்டரில் ஒரு பள்ளிப் பிள்ளை சாலையைக் கடந்துகொண்டிருக்கலாம்.

அந்த ஆற்றல் எங்கே போகிறது? பிரேக்கில் வெப்பமாகிறது. நான்கு டிரம்களின் இரும்பும் சேர்ந்து 40 கிலோ என்று கொள்வோம். இரும்பின் வெப்ப ஏற்புத்திறன் கிலோவுக்கு 460 ஜூல். 100 கி.மீ. வேகத்திலிருந்து ஒரு தடவை நிறுத்தினால் டிரம்கள் 36 பாகை சூடேறும். ஆறவிடாமல் பத்துத் தடவை நிறுத்தினால் 360 பாகை! சூடேறிய டிரம் விரிவடையும். உள்ளே இருக்கும் பிரேக் கட்டையை விட்டு விலகும். கட்டையின் உராய்வும் வெப்பத்தால் குறையும். மிதியை மிதிக்க மிதிக்கக் கீழே போகுமே தவிர வண்டி நிற்காது. மலையிறக்கத்தில் லாரிகளுக்கு நேரும் விபத்துகள் பலவற்றின் காரணம் இதுவே.

டிஸ்க் பிரேக்கில் இந்தத் தொல்லை குறைவு. தட்டு சூடேறி விரிந்தால் இருபுறமும் உள்ள கட்டைகளை நோக்கியே விரியும். காற்றும் அதன்மேல் தாராளமாகப் படும். 1971 முதல் செவர்லே தன் பிக்கப்புகளில் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கே வைத்தது. அப்பாகங்களை 1969 வண்டிக்கு மாற்றிப் பொருத்த முடியும்; பலர் செய்கிறார்கள். இதை நான் கட்டுரையில் கடைசியாகச் சொன்னாலும், நம் மெக்கானிக்கின் தாளில் இதுவே முதல் வரி. புது எஞ்சின் இறங்குவதற்கு முன்பே புது பிரேக் பொருந்தியிருக்க வேண்டும்.

மின்சார இதயம்

எஞ்சினுக்குப் பதில் மின்மோட்டார் வைத்தால்? அதையும் செய்திருக்கிறார்கள். 2020-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், தன் பிக்கப்பின் அடிச்சட்டத்தை ஒட்டிப் பிறந்த 1977-ஆம் ஆண்டுப் பிளேசர் வண்டி ஒன்றை எடுத்தது. அதன் 175 குதிரைத்திறன் வி-8 எஞ்சினை நீக்கிவிட்டு, 200 குதிரைத்திறன் மின்மோட்டாரையும் 60 கிலோவாட்-மணி மின்கல அடுக்கையும் பொருத்திக் காட்டியது.

60 கிலோவாட்-மணி என்பது எவ்வளவு? ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 8.9 கிலோவாட்-மணி ஆற்றல் உண்டு. எனவே அந்தப் பெரிய அடுக்கில் இருப்பது 7 லிட்டர் பெட்ரோலின் ஆற்றலைவிடச் சற்றுக் குறைவு! ஆனால் எஞ்சின் பெட்ரோலில் கால் பங்கையே வேலையாக்குகிறது என்றும், மோட்டார் மின்சாரத்தில் 87 விழுக்காட்டை வேலையாக்குகிறது என்றும் கொண்டால், அந்த அடுக்கு செய்யும் வேலை 23 லிட்டர் பெட்ரோலுக்கு ஈடாகும். இங்கும் பழைய கேள்விகளே எழுகின்றன: அடுக்கின் எடையை எங்கே வைப்பது? அதை எப்படிக் குளிர்விப்பது? எவ்வாறு நிறுத்துவது?

சட்டமும் ஒரு கேள்வி கேட்கிறது. கலிபோர்னியா மாநிலத்தில், மாற்றிப் பொருத்தும் எஞ்சின் வண்டியின் ஆண்டைவிடப் பழையதாக இருக்கக் கூடாது என்பது விதி. புதிய எஞ்சினால் காற்று முன்னைவிட மாசடையக் கூடாது என்பதே அதன் கருத்து. நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை நம் விருப்பப்படி மாற்றுவதைத் தடுக்கிறது. ஆகவே இதைப் படித்துவிட்டு வீட்டு வண்டியில் ஸ்பானரை வைத்துவிடாதீர்கள்!

அதற்குப் பதில் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஆளில்லாத மைதானத்தில் ஒரு கோடு போடுங்கள். சைக்கிளில் மெதுவாக வந்து, கோட்டைத் தொட்டதும் பின் பிரேக்கைப் பிடியுங்கள். எவ்வளவு தொலைவில் நின்றது என்று அளந்து எழுதுங்கள். பிறகு அதைப்போல ஒன்றரை மடங்கு வேகத்தில் வந்து அவ்வாறே செய்யுங்கள். கோட்டுக்கு முன்னுள்ள 10 மீட்டரைக் கடக்கும் நேரத்தை நண்பர் ஒருவர் கடிகாரத்தில் பார்த்தால் வேகம் கிடைத்துவிடும். நிறுத்தும் தொலைவு எத்தனை மடங்கு கூடியது? ஒன்றரை மடங்கா, இரண்டேகால் மடங்கா? விடை கிடைத்தபின், நம் மெக்கானிக் தன் தாளில் பிரேக்கை ஏன் முதல் வரியில் எழுதினார் என்பது உங்களுக்கே விளங்கும்.